சரோஜா எண்ணச் சொன்ன திடல்

சரோஜா போய்விட்டாள். இன்று விடியற்காலை, செங் என்கிற ஊரில் மகள் வீட்டில், தூக்கத்திலேயே... தொண்ணூறு வயது.

மலாக்காவில், கஜா பெராங்கில், அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவளுடையது. ஒரே பெண்கள் பள்ளியில் இருவரும் டீச்சர். அவள் சிங்கப்பூரில் பி.ஏ. முடித்தவள், நான் டிரெய்னிங் மட்டும்.

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்து இரண்டு வருஷம் இருக்கும். அமெரிக்காவில் எம்.ஏ. படிக்க அவளுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. பாடம்: ரெக்ரியேஷன்.

இப்போது அதற்கு விளையாட்டு, பொழுதுபோக்கு, சுற்றுலா மேனேஜ்மென்ட் என்று நீளமான பெயர் இருக்கிறது. அப்போது எங்கள் தெருவில் ஒருவருக்கும் அது என்னவென்று புரியவில்லை.

அவள் அப்பா கேட்டார், "ஆடுறதுக்கு எம்.ஏ. குடுக்கிறாங்களா? அப்ப நம்ம தெரு பயலுங்க எல்லாம் டாக்டருதான்."

"ஆடுறதுக்கு இல்லப்பா. ஆட எடம் எப்படி வைக்கிறதுன்னு படிக்கப் போறேன்" என்றாள். அடுத்த மாதம் கப்பல் ஏறிவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து ஏர்மெயில் வந்தது. தீசிஸுக்கு நம் ஊரையே எடுத்திருக்கிறாளாம். சாயங்காலங்களில் மலாக்கா மக்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள்... பாடாங் என்கிற டவுன் திடலிலும் உஜோங் பாசிர் கடற்கரையிலும் ஆறு வாரம் நின்று ஆட்களை எண்ண வேண்டும்.

எண்ண வேண்டியவள் நான்.

ஆண், பெண், பிள்ளைகள், தனியாக வந்தவர், கூட்டமாக வந்தவர் என்று கோடு போட்ட நோட்டு. அரை மணிக்கு ஒரு தடவை எண்ணி எழுதுவேன். "டீச்சருக்கு என்னா ஆச்சு?" என்று கச்சான் கடலை விற்கிறவர் கூடக் கேட்டார்.

மூன்றாவது வாரம் விடாத மழை. நான் வீட்டிலேயே உட்கார்ந்து, முந்தின வாரக் கணக்கைப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதி அனுப்பிவிட்டேன். திடலில் புதன்கிழமை நாற்பத்திரண்டு பேர்.

அவள் பதில் இன்னும் எனக்கு மனப்பாடம். "தனம், அந்தப் புதன்கிழமை எங்க வீட்டுக்குள்ளயே முழங்கால் தண்ணின்னு அப்பா எழுதியிருக்காரு. பாடாங்ல நாப்பத்திரண்டு பேர் எப்படி நின்னாங்க? கோபம் இல்ல. உண்மைய மட்டும் எழுது."

நான்கு நாள் பேனாவைத் தொட முடியவில்லை. ஐந்தாம் நாள் உள்ளதை எழுதினேன்.

மறைத்திருந்தால் அங்கே யாருக்கும் தெரியாது. அவளே புரொபசரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மொத்தக் கணக்கும் செல்லாது, முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று முடிவானது.

மறுபடி ஆறு வாரம் நின்றேன். மழை பெய்த நாளில் குடை பிடித்துக்கொண்டு, ஆளில்லாத திடலைப் பார்த்துப் பூஜ்யம் என்று எழுதினேன்.

அவள் படிப்பு அரை வருஷம் தள்ளிப்போனது. ஸ்காலர்ஷிப் முடிந்து, ஹாஸ்டல் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டு படித்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடிதத்தில் ஒரு வரி எழுதவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலையே என் வீட்டு வாசலில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பசியாறிட்டியா? எனக்கு எதாச்சும் குடு" என்று உள்ளே வந்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் தீசிஸைக் கையில் கொடுத்தாள். முதல் கணக்கெடுப்பு கைவிடப்பட்டது, பிழை என்னுடையது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பிழை அவளுடையதாம்.

நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. நான் அழுததைப் பார்க்காதது மாதிரி கிளாஸைக் கழுவப் போய்விட்டாள்.

பிறகு அந்தத் தீசிஸைத் தூக்கிக்கொண்டு திடலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போனோம். ஆறு வாரமும் திடலில் விளையாடிய பெண்கள் ஒருவர்கூட இல்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் பெண்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டாள்.

அதிகாரி நம்மவர்தான். பக்கத்தைப் புரட்டிச் சிரித்தார். "பொம்பளைங்க வரலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே மிஸ். பின்ன எதுக்குத் தனி நேரம்?"

"வரலைன்னுதான் சார் எழுதியிருக்கேன். வேணாம்னு எழுதலையே. வியாழக்கிழமை குடுங்க, மூணு மாசம் பாப்போம்."

கொடுத்தார். வேறு என்ன செய்வார்...

முதல் வியாழக்கிழமை நானும் அவளும் ஒரு நெட்பால் பந்தும் மட்டும். வேலியோரம் நின்று சில ஆண்கள் கிண்டல் செய்தார்கள். நான் திரும்பித் திரும்பி வேலியையே பார்த்தேன். அவள், "பந்தைப் பாரு, அவங்களைப் பாக்காதே" என்றாள்.

அரை மணி நேரம் யாரும் வரவில்லை. அப்புறம் மலாய் பேசும் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியிலிருந்து இரண்டு அக்கா தங்கைகள், சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்கள். விளையாடலாமா என்று மலாயில் கேட்டார்கள், "மாயின் போலே கா?"

"மாரிலா, வாங்க" என்று பந்தைப் போட்டாள் சரோஜா. அடுத்த வாரம் ஒன்பது பேர், மூன்றாம் மாதம் இரண்டு டீம். வியாழக்கிழமை ஆட்டம் நின்றதே இல்லை, அவள் பெரிய வேலைக்குக் கோலாலம்பூர் போன பிறகும்.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் அங்கே ஆடியவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். முழங்கால் வலி, வீட்டிலேயே இருங்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

நாளைக்கு வந்துவிடுவேன், சரோ.