தெருக்கோடியில் ஊதிய மூன்று விசில்கள்

டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் செஞ்சியில் ஃபுட்பால் மேட்சுகளுக்கு ரெஃப்ரி. இரண்டு வேலைக்கும் ஒரே விசில்தான் வைத்திருந்தேன்.

"அண்ணே, ரோட்ல பஸ்ஸு போனா நீ ஊதுற மாதிரியே இருக்குது. வேற வாங்கேன்" என்று ஒருத்தன் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். டிஃபென்ஸில் ஆடுகிறவன்; மார்க்கெட்டில் வேர்க்கடலை மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன். "போடா, காத கழுவிட்டு வா" என்று எகிறினேன். என் விசிலைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. நாசமாய்ப் போன குணம்.

அடுத்த ஞாயிறு சிங்கவரம் ரோட்டை ஒட்டிய மைதானத்தில் ஆட்டம். பந்து அவன் காலில் இருந்தது. ரோட்டில் பஸ்ஸை நிறுத்த எந்தக் கண்டக்டரோ ஒரு விசில் கொடுத்தார். நான் ஊதியதாக நினைத்து இவன் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். எதிர் டீம்காரன் ரோட்டுப் பக்கமிருந்து ஓடிவந்தவன்; அது பஸ் விசில் என்று அவனுக்குத் தெரியும். பந்துக்கு வீசிய உதை இவன் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"நீ இன்னாண்ணே பண்ணுவ" என்றார்கள் எல்லோரும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஒன்றரை மாதம் கழித்து விழுப்புரத்தில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். "வாய் வச்சா வாங்கிக்கணும் சார்" என்றார் கடைக்காரர். ஊதிப் பார்க்காமலே மூன்று தினுசு விசில்களை வாங்கிக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுக் காலை நீட்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இங்க ஊதுனா இன்னா தெரியும்? தெருக்கோடிக்குப் போய் ஊதுண்ணே" என்றான்.

போய் ஊதினேன். நாய்கள் குரைத்தன, ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். முதல் இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினான். மூன்றாவது, உள்ளே உருண்டை இல்லாதது. கீச்சென்று காதைக் கிழித்தது. கையைத் தூக்கிவிட்டான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து, "நீ எறங்குற மொத மேட்ச்சுக்கு இதத்தான்டா ஊதுவேன்" என்றேன்.

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தாள். "இனிமே பந்தாட்டமே கூடாதுன்ட்டாருண்ணா டாக்டரு. மூட்ட தூக்கறதே டவுட்டாம்" என்றாள். சொல்லி நாலு நாளாகிறதாம்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் என் கையிலிருந்த விசிலை வாங்கி, லுங்கி நுனியால் துடைத்து, திரும்பக் கொடுத்தான்.

"பாக்கெட்ல வெக்காத, கைலயே வெச்சிரு. எடுக்கறதுக்குள்ள யார் காலாவது போயிடும்."