வெளிநாடு போனவர் வீட்டுச் சாவி

எண்பத்தாறு, எண்பத்தேழு வாக்கில் ஏற்காட்டில் ஒரு காபி ஆராய்ச்சி நிலையத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். மாதா மாதம் ஊழியர் செய்தி மடல் போடுவதும் என் வேலைதான். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் மாற்றலாகிப் போனார் என்று எல்லாவற்றையும் ஸ்டென்சிலில் அடித்துப் பிரதி எடுத்து, சுற்றியுள்ள எஸ்டேட்டுகளுக்கும் அனுப்புவோம். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருடம் எங்கள் விஞ்ஞானி ஒருவருக்கு வெளிநாட்டுக் கருத்தரங்கிலிருந்து அழைப்பு வந்தது. எங்களில் வெளிநாடு போகும் முதல் ஆள். விடுவேனா? கிளம்பும் தேதி, திரும்பும் தேதி, மனைவியும் உடன் போவது என்று அரைப் பக்கம் எழுதித் தள்ளினேன். இலை நோயைத் தாங்கும் செடி பற்றிய ஒன்பது வருடக் குறிப்பேடுகள் வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று, அவற்றைக் குவார்ட்டர்ஸில் பெட்டிக்குள் பூட்டிவிட்டு நகலோடு போகிறார் என்று அவருடைய ஜாக்கிரதையையும் புகழ்ந்து வைத்தேன்.

அவர் கிளம்பிய மூன்றாம் நாள் மதியம், சபாரி சூட் அணிந்த ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மரியாதையான பேச்சு.

"மெட்ராஸ் ஏர்போர்ட்டுல சாரையும் அம்மாவையும் ஏத்தி உட்டுட்டு வர்றேனுங்க. ஊட்டுல இருக்கற நோட்டுல ரெண்டை எடுத்தாரச் சொன்னாருங்க. மாத்துச் சாவி ஆபீசுல இருக்குமாமில்லீங்க?"

நான் மடலில் எழுதியிருந்தாலும், விஞ்ஞானியின் மனைவி போகவே இல்லை. கிளம்பும் அன்று கடும் காய்ச்சலில் படுத்துவிட்டார். காலையில் நான்தான் கஞ்சி கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

என்ன சொல்வது? அம்மா வீட்டில் இருக்கிறார் என்றால், ஒரு பெண் தனியாக இருப்பதை நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சாவி தர மாட்டேன் என்றால் நேரே போய்ப் பூட்டை உடைப்பான். "உக்காருங்க, அதிகாரியைக் கேட்டுட்டு வந்துடறேனுங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்களைக் கூப்பிடப் பின்பக்கம் ஓடினேன்.

திரும்பி வந்தபோது நாற்காலி காலி. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த சாவியும் இல்லை.

காபிச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் கத்தியோடு முன்னால் ஓட, நான் மூடுபனியில் தட்டுத் தடுமாறிப் பின்னால் ஓடினேன். கீழே எங்கோ ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

குவார்ட்டர்ஸ் கதவுப் பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பித்த பிறகுதான் உள்ளே தாழ்ப்பாள் விலகியது. விஞ்ஞானியின் மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"சாவி திரும்புச்சுங்க அக்கா. நீங்கதான்னு நெனச்சு எந்திரிச்சு வந்துட்டேன். குரல் குடுத்தேன், பதிலே இல்லீங்க. அதுக்கப்பறம் தாழ்ப்பாளை நவுத்தறதுக்குப் பயமாப் போச்சுங்க."

வந்தவன் யார், யாருக்காக வந்தான் என்பது போலீசுக்கும் கடைசிவரை தெரியவில்லை. குறிப்பேடுகள் தப்பின. ஊர் திரும்பிய விஞ்ஞானி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இன்றைக்கும் யாராவது பயணச் செய்தியை ஊருக்கெல்லாம் சந்தோஷமாகச் சொல்லும்போது, தாழ்ப்பாளில் கையை வைத்தபடி, வெளியே நிற்பது நான்தான் என்று நம்பிய அந்தப் பெண்தான் என் கண் முன்னால் நிற்கிறார்.