இரங்கல் கூட்டம் எல்லா டிவியிலும்

அவிநாசி சாலையில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் என் பொறுப்பு. அங்கே செக்கிங் பிரிவில் வேலை பார்த்த அக்கா ஒருவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். மதியம் நானும் அவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

கேன்டீனில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எல்லோருக்கும் இடம் போதாது என்பதால், மற்ற பிரிவுகளில் இருக்கும் டிவிகளில் நேரடியாகக் காட்டும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார்.

முதல் நாளே சோதித்தேன். கேமராவைப் போட்டதும் தையல் லைனிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, பார்கோடு ஸ்கேன் ஆக மாட்டேங்குதுங்க."

ஒரே படத்தைப் பல டிவிகளுக்கு அனுப்பும் மல்டிகாஸ்ட் முறை அது. நெட்வொர்க் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் எங்கள் ஸ்விட்ச், வேண்டும் வேண்டாம் என்று பார்க்காமல் எல்லா ஒயரிலும் அந்தப் படத்தைக் கொட்டிக்கொண்டிருந்ததால் ஸ்கேனர்களுக்கு வழியில்லாமல் போனது. ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதியை இயக்கினேன். கேட்கிற டிவிக்கு மட்டும் படம் போனது; ஸ்கேனர்களும் ஓடின. ஆனால் சற்று நேரத்தில் டிவிகள் எல்லாம் இருண்டுவிட்டன. 'இன்னும் வேண்டுமா?' என்று டிவிகளை அவ்வப்போது விசாரிக்க ஒரு கருவி வேண்டும். விசாரிக்க ஆளில்லாததால், இனி யாருக்கும் வேண்டாம் என்று ஸ்விட்ச் படத்தை நிறுத்தியிருந்தது. விசாரிக்கும் அந்த வேலையையும் ஸ்விட்சுக்கே கொடுத்தேன்.

சோதனைக்காகக் கேமராவுக்கு எதிரே வைத்திருந்தது அக்காவின் புகைப்படத்தைத்தான். மறுபடி இருளுமா என்று டிவியில் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருளவில்லை. சாவுக்குப் போயிருந்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

மறுநாள் செக்கிங் பெண்கள் டிவி முன்னால் உட்கார மறுத்துவிட்டார்கள்.

"எடம் பத்தாதுங்களே," என்றார் மேனேஜர்.

"நின்னுக்கறோங்க. அவள எதுக்குங்க டிவில பாக்கோணும்?"

மேனேஜர் வழிவிட்டார். கேன்டீன் சுவரோரமாக நெருக்கியடித்து நின்றார்கள். பக்கத்து ஊரான மங்கலத்தில் தறி ஓட்டும் அக்காவின் கணவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் வந்தீங்க..." என்றதோடு மைக்கைக் கீழே வைத்துவிட்டார். தையல் பிரிவில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நேரம் எழுந்து நின்றார்களாம். தமிழ் தெரியாத பீகார் பையன்களும் நின்றிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தம் வரை அக்காவின் கணவரோடு நடந்தேன். பஸ் வந்ததும் படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"உங்களப் பத்தி ஊட்டுல எப்பவும் சொல்லுவாளுங்க," என்றார்.