அந்தப் பத்து மில்லி செகண்டு

கிள்ளைப் பக்கம் ஓர் இறால் குளத்தின் கரையில் நின்றிருந்தபோது ஜெயசீலன் மனைவி ரோஸியின் போன் வந்தது. "அண்ணே, காப்பி கேட்டாரு. போட்டு எடுத்தாரதுக்குள்ள போயிட்டாருண்ணே." கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து எங்கள் சிதம்பரம் எலக்ட்ரானிக்ஸ் பட்டறைக்கு வந்த ஜெயசீலன், பதினோரு வருடம் என் எதிர் நாற்காலிக்காரன், இல்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எதிரே, அவன் நிரல் எழுதிய கருவி, தண்ணீரில் ஆக்சிஜன் போதும் என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவனை அறிந்தவர்களுக்கு அவனுடைய "ஏன் மச்சான்?" தெரியும். அந்தக் கருவியை ஆரம்பித்தபோது விலைப்பட்டியல் வந்தது. கருவிக்கு மூளையான சில்லின் விலை ஒரு மதியச் சாப்பாடு. அதற்கு நிரல் எழுதும் மென்பொருளோ பட்டறையின் ஒரு வருட வாடகை. கணினியோடு பேசவைக்கும் யூஎஸ்பி டிரைவர் நிரலுக்குத் தனி விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அதுக்குள்ள என்னதான் மச்சான் வச்சிருப்பானுவ?" என்றான்.

நான் அந்த மென்பொருளின் திருட்டுப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தேன். அவன் தொடவில்லை. "நேர்மைலாம் இல்ல மச்சான். ரெடியா குடுத்துட்டா உள்ள என்னா நடக்குதுன்னு நான் எப்ப பாக்கறது?" நான்கு மாதம் உட்கார்ந்து டிரைவரைத் தானே எழுதினான். மென்பொருளின் இலவசப் பதிப்பில் நிரல் ஓர் அளவைத் தாண்டக் கூடாது. இடம் போதாமல், திரையில் வரும் 'வணக்கம்' என்பதை எடுத்துவிட்டான். சண்டை போட்டேன். "இறாலு வணக்கமா கேட்டுச்சு?" என்றான்.

நிரலின் ஓரத்தில் நமக்காக எழுதும் குறிப்புகள் மட்டும் அந்த அளவில் சேராது. அங்கே அவன் தாராளமாக எழுதுவான்.

அடக்கம் முடிந்த மறுவாரம், கருவிக்காகப் புதிதாக வந்த சர்க்யூட் பலகைகளைக் கணினி கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு குளத்துக்கும் அபாய அளவை யூஎஸ்பி வழியாகத்தான் பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் ஆக்சிஜன் இறங்கினாலும் கருவி கத்தாது, குளமே செத்து மிதக்கும். பண்ணைக்காரர்கள் காத்திருந்தார்கள். அவன் நிரலைத் திறந்தேன். 'பத்து மில்லி செகண்டு பொறு' என்று ஒரு வரி. பக்கத்தில் குறிப்பு: "மச்சான், இத தொடாத. இது இல்லன்னா கம்ப்யூட்டர் கண்டுக்க மாட்டுது. ஏன்னு தெரியல. கண்டுபுடிச்சா சொல்லு."

மூன்று நாள் ஆனது. மின்சாரம் கொடுத்ததும் பலகையின் துடிப்பு சீராக அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குள் பேசவிட்டால் உளறுகிறது. புதிய பலகைக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. பத்தை இருபதாக்கினேன். கணினி கண்டுகொண்டது. சந்தோஷத்தில் அவன் எண்ணை அழுத்திவிட்டேன்.

ரோஸி எடுத்தாள். "சொல்லுங்கண்ணே." வேறு வழியில்லாமல் அவளிடமே எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சீராவ அதுக்கு ஏண்ணே அவ்ளோ நேரம் ஆவுது?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன்.

அவனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் குறிப்புதான். அழிக்கவில்லை. அதன் கீழே ரோஸியின் கேள்வியையும் எழுதியிருக்கிறேன். கண்டுபிடித்தால் அவளுக்குச் சொல்ல வேண்டும்.