பித்தளை ஆணி உடைந்த காலை

பிரிக்பீல்ட்ஸ் சபையின் சகோதர சகோதரிகளுக்கு எழுதுகிறேன். டெங்கிலுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். அங்கே மரம் இழுத்தபோது கர்த்தர் எங்களுக்குச் செய்த உதவி உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்திருக்கும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. சென்ற மாதம் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அந்தக் கதையை ஒரு சகோதரி எனக்கே சொன்னார். அதில் எங்கள் மரம் யானையாலும் அசைக்க முடியாத மரமாகியிருந்தது. கொட்டகையருகே வெள்ளுடை தரித்த ஒருவர் நின்றதாகவும் இருந்தது. சொல்லும்போது அவர் கண்கலங்கினார். எனக்குக் கலங்கவில்லை, கூச்சமாக இருந்தது.

கர்த்தர் செய்ததற்கு நம்முடைய கைச்சரக்கு வேண்டியதில்லை. ஆகையால் என் கண் கண்டதையும், என் கை செய்ததையும், உரியவரிடம் நானே கேட்டு அறிந்ததையும் மட்டும் இங்கே எழுதுகிறேன். என் கை செய்தது எனக்குப் பெருமை தருவதன்று. அதையும் விடப்போவதில்லை.

ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பால் வெட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்த ஆண்டு அது. வேலையில்லாதவர்களைக் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரையும் என்னை அழைத்து ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். பதினெட்டுக் குடும்பங்கள். எல்லாரும் காடு திருத்தும் கூட்டத்தார். அவர்கள் பிள்ளைகளில் பலர் இங்கேயே பிறந்தவர்கள்; கப்பல் எந்த ஊருக்குப் போகிறதென்றே அறியாதவர்கள். பதினெட்டுப் பெயர்களையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தேன். அதன் பிறகு அன்று என்னால் சோறு உண்ண முடியவில்லை.

ஒரு வழி மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் கூட்டத்தார் வெட்டி வீழ்த்திய பெருமரங்கள் சதுப்பில் கிடந்தன. லோரி வந்து நிற்கும் மேட்டுப்பாதைக்கு அவற்றைக் கொண்டுவந்துவிட்டால் வாங்கிக்கொள்ள மரவாடிக்காரர் ஆயத்தமாக இருந்தார். ஆனால் மரம் இழுக்கும் எருமைகளைக் கோமாரி கொண்டுபோய்விட்டது. மழை தொடங்கினால் சதுப்பு ஏரியாகிவிடும்.

“மழைக்குமுன் மரமெல்லாம் மேட்டுக்கு வந்தால் இந்தப் பட்டியல் வேண்டியதில்லை” என்றார் துரை. கேலியாகச் சொல்லவில்லை, நம்பிச் சொன்னதாகவும் தோன்றவில்லை.

என் மனைவி அன்னம்மாளின் தம்பி சாமுவேல் அப்போது எங்கள் வீட்டில் இருந்தான். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து, ஆட்குறைப்பில் வேலை இழந்தவன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டைக் காலிசெய்த நாள்முதல் அவன் பேச்சு அற்றுப்போயிற்று. குடும்ப ஜெபத்தில் உட்காருவான், வாய் திறக்கமாட்டான். துரை சொன்னதை நான் வீட்டில் சொன்னபோது, பல வாரங்களுக்குப் பிறகு அவனாகவே ஒன்று கேட்டான்.

“கொட்டாயில கெடக்கிற டிராக்டர் ஓடுதா அத்தான்?”

“ஓடும். சதுப்பிலே இறக்கினா புதைஞ்சிடும்.”

“அது எறங்க வேணாம். மேட்டுலயே நிக்கட்டும். மரம் அதுகிட்ட வரட்டும்.”

மறுநாள் அவன் புறப்பட்டுப் போனான். ரவாங் பக்கம் மூடிக்கிடந்த ஓர் ஈயச் சுரங்கத்திலிருந்து, கம்பிவடம் சுற்றும் இரும்பு உருளை ஒன்றையும் பழைய கம்பிவடத்தையும் கேட்டு வாங்கி வந்தான். பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த லோரியின் பின்னச்சையும் பல்சக்கரங்களையும் துரையின் அனுமதியோடு கழற்றிக்கொண்டான். இவற்றையெல்லாம் டிராக்டரின் பின்புறம் கனத்த கட்டைகள்மேல் பூட்டினான். டிராக்டரின் வேகத்தை லோரியின் அச்சு குறைத்து வாங்கும். சங்கிலி அதை உருளைக்குக் கடத்தும். உருளை மெதுவாகச் சுழன்று வடத்தைச் சுருட்டும். வடத்தின் நுனியில் கட்டிய மரம் ஊர்ந்து வரும். அவன் இதனை ‘வின்சு’ என்றான். நான் இழுபொறி என்று எழுதுகிறேன்.

காடு திருத்தும் கூட்டத்துக்குக் கங்காணி தங்கவேலு. பட்டியலில் முதற்பெயர் அவருடையது. முருக பக்தர். நாள்தோறும் கொட்டகைக்கு வந்து நிற்பார்.

“பிட்டர் தம்பி, கோழி அடையிற வண்டிய வெச்சு மரம் இழுக்கப்போறீங்க. முட்டையாவது மிஞ்சுமா?”

“முட்டை மிஞ்சாது அண்ணே. நீங்க மிஞ்சுவீங்க” என்றான் சாமுவேல்.

தங்கவேலு உரக்கச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “கிராணியாரே, நீங்க ஒங்க சாமிகிட்டக் கேளுங்க, நான் முருகன்கிட்டக் கேக்கறேன். யாரு இழுத்தாலும் கயிறு ஒண்ணுதான” என்றார்.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விடியலில் ஆள் கணக்கெடுக்கப் போகுமுன் அன்னம்மாளும் நானும் முழங்காற்படியிட்டோம். என் ஜெபம் ஒரே வாக்கியம்: “ஆண்டவரே, இந்தப் பொறியில் யாதொன்றும் உடையாதபடி காத்தருளும்.” மூன்று வாரம் ஒரு சொல்லும் மாற்றாமல் அதையே சொன்னேன். அது செவ்வையான ஜெபம் என்று எண்ணியிருந்தேன்.

பொறி முடிந்த சனிக்கிழமை அதைச் சுற்றிவந்து பார்த்தேன். எல்லாம் இரும்பு. சங்கிலிச் சக்கரத்தையும் உருளையையும் பிணைத்திருந்தது மட்டும் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு பித்தளை ஆணி.

“இது மட்டும் ஏன் பித்தளை?”

“அது அப்டித்தான் இருக்கணும் அத்தான்” என்று சொல்லிவிட்டு அவன் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு அப்பால் போனான்.

அருகிலிருந்த புகையிலை டப்பாவைத் திறந்தேன். அதே அளவில் இருபதுக்குக் குறையாத பித்தளை ஆணிகள். எனக்கு மனம் கசந்தது. நாங்கள் உடையாதிருக்க ஜெபிக்கிறோம். இவன் உடையுமென்று எண்ணி டப்பா நிறையச் செய்துவைத்திருக்கிறான். இதை அவனுடைய அவிசுவாசம் என்றே முடிவுகட்டினேன். மேற்கொண்டு நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இதற்கு மரியாதை என்று பெயர்.

ஆணியின் அளவை எடுத்துக்கொண்டு டெங்கில் கடைத்தெருவிலுள்ள சீனக் கொல்லரிடம் போனேன். எஃகில் ஓர் ஆணி செய்து வாங்கினேன். பிற்பகல் சாமுவேல் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பித்தளை ஆணியைத் தட்டிக் கழற்றி டப்பாவில் போட்டேன். அதன் இடத்தில் எஃகு ஆணியை அடித்து இறுக்கினேன். பேனா பிடிக்கும் கை, கட்டைவிரல் நசுங்கிற்று. வேலை முடிந்ததும் அங்கேயே நின்று தோத்திரமும் செய்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் பொறியை இயக்கவில்லை. திங்கட்கிழமை காலை சாமுவேல் டிராக்டரை மேட்டுக்கு ஓட்டிவந்து, அதன் முன்புறத்தை இரண்டு மரத்தூர்களோடு சங்கிலியால் பிணைத்தான். துரை வந்தார். பதினெட்டுக் குடும்பத்தாரும் அன்னம்மாளும் வந்தார்கள். வடத்தைச் சதுப்புக்குள் இழுத்துச் சென்று முதல் மரத்தில் கட்டினார்கள். தங்கவேலு கடப்பாரையோடு மரத்தருகே நின்றார். சாமுவேல் டிராக்டரில் ஏறி, வடத்தைப் பார்க்கத் திரும்பி அமர்ந்தான்.

அமர்ந்தபின் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க. வடம் பழசு. உள்ள எப்டி இருக்குன்னு எனக்குத் தெரியாது. இழுக்கறப்ப அறுந்தா சாட்டை மாதிரித் திரும்பி வரும், ஆளத் துண்டாக்கிடும். அதுக்குத்தான் பித்தளை ஆணி வெச்சிருக்கேன். பாரம் மிஞ்சினா வடத்துக்கு முன்னாடி ஆணி போயிடும். சத்தம் கேட்டா ஓடாதீங்க. ஆணி ஒடஞ்சா நாம பொழச்சோம்னு அர்த்தம்.”

நான் இருபது தப்படி தள்ளி, துரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் செவியில் வேறு எதுவும் விழவில்லை.

“நிறுத்து” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே சொல். துரை நிற்கிறார், நான் பெயரெழுதிய அத்தனை பேரும் நிற்கிறார்கள், தோட்டத்துக் கிராணி திருட்டுத்தனமாகப் பொறியில் கைவைத்தான் என்று இவர்கள் முன்னே எப்படிச் சொல்வது என்று எண்ணினேன். அப்படி எண்ணிய நேரத்தில் டிராக்டர் முடுக்கம் கொண்டுவிட்டது. சகோதரரே, என் குற்றம் ஆணியை மாற்றியதன்று. அது அறியாமை. அறிந்தபின் வாய்மூடி நின்றேனே, அதுதான்.

மரம் அசைந்தது. சேற்றைக் கிழித்துக்கொண்டு ஏழெட்டு முழம் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு சேற்றுக்குள் புதைந்திருந்த ஏதோ ஒரு மரத்தூரில் அதன் தலை முட்டி நின்றது. பொறி நிற்கவில்லை. வடம் நாண்போல் விறைத்து நீரை உதறிற்று. டிராக்டரைப் பிணைத்த சங்கிலிகள் முனகின. இப்போது கத்தினேன். இயந்திர ஓசையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னே ஓடப்போய்ச் சேற்றில் வழுக்கி விழுந்தேன். மூன்று வாரம் நான் செய்த ஜெபம் ஒரு நொடியில் தலைகீழாயிற்று. “ஆண்டவரே, உடையட்டும்” என்றேன். உடையாத ஆணியை என் கையாலேயே அடித்துவிட்டு, அதை உடைக்கும்படி கேட்டேன்.

சடக்கென்று ஓர் ஓசை. உருளை பின்னோக்கிச் சுழன்றது. வடம் தளர்ந்து சேற்றில் படிந்தது.

சாமுவேல் இயந்திரத்தை அணைத்தான். தங்கவேலு கடப்பாரையை ஊன்றி நின்றபடியே இருந்தார். ஒருவர்மேலும் ஒரு கீறல் இல்லை. நான் எழுந்து ஓடினேன். சக்கரத்தின் கீழே சேற்றில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். மஞ்சளாக இருந்தது. பித்தளை.

அங்கே எல்லாருக்கும் முன்பாக, நான் செய்ததைச் சொன்னேன். சாமுவேல் துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

“இது நான் செஞ்சது. நீங்க கழட்டினீங்கன்னா, திருப்பி யாரு போட்டா?” என்று கேட்டான். “காலைல நான் அதப் பாக்கவேயில்ல அத்தான். நான் போட்டதுதான இருக்கும்னு விட்டுட்டேன்.”

பிறகு அவன் வடத்தைக் கையால் தடவிக்கொண்டே போய், உருளைக்கு அருகில் ஓரிடத்தில் நின்று, புரிகளைப் பிரித்துக் காட்டினான். ஆறு புரிகளில் நான்கு உள்ளே துருவேறி அற்றிருந்தன. இன்னும் சற்று இழுத்திருந்தால் அது தாங்கியிராது என்றான். அந்த இடத்துக்கும் அவன் இருக்கைக்கும் இடையே நாலு முழம்கூட இல்லை. அன்னம்மாள் அந்தத் தூரத்தைப் பார்த்தாள். தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வடத்தின் கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, மீதியைப் பின்னி, வேறொரு பித்தளை ஆணியிட்டு, அன்று மாலைக்குள் முதல் மரத்தை மேட்டுக்குக் கொண்டுவந்தான். மழை தொடங்குமுன் கடைசி மரமும் வந்து சேர்ந்தது. இடையில் பதினோர் ஆணிகள் உடைந்தன, நான் எண்ணினேன். ஒவ்வொரு முறை உடைந்தபோதும் சாமுவேல் “தோத்திரம்” என்றான். தங்கவேலு “அரோகரா” என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும். துரை பட்டியலை என்னிடமே கொடுத்துக் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். நான் இதை எழுதும் நாள்வரை அந்தப் பதினெட்டுக் குடும்பங்களும் இங்கேயே இருக்கின்றன. சாமுவேல் தோட்டத்தின் பிட்டராக இருக்கிறான். குடும்ப ஜெபத்தில் இப்போது அவனும் வாய் திறக்கிறான். பெரும்பாலும் நான் நிறுத்தும் இடத்தில் தொடங்குகிறான்.

என்னுள் மாறியது இது. தேவையைக் கர்த்தரிடம் சொல்கிறேன். செய்யும் முறையை அவருக்கு எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். எனக்குப் புரியாத வேலையைச் செய்பவனிடம் கேட்கிறேன். அவன் இரண்டாம் முறை சொல்லுமட்டும் நிற்கிறேன். உங்களில் எவருக்கேனும், கேட்டது கிடைக்காமல் ஏதோ ஒன்று முறிந்துபோயிற்று என்ற துயரம் இன்று இருக்குமானால், முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று வேண்டுகிறேன். அவரை நம்பிப் பாருங்கள். நான் கேட்கத் தெரியாமல் கேட்டேன்; அவர் கொடுக்கத் தெரிந்து கொடுத்தார்.

இனி எனக்குத் தெரியாததைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்று பிற்பகல் எஃகு ஆணி கொட்டகையில் அகப்பட்டது. புகையிலை டப்பாவின் அடியில், எண்ணெய் தடவி, கிழிந்த வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. இந்த நிகழ்ச்சியில் வெள்ளை என்று நான் கண்டது அந்தத் துண்டு ஒன்றே. அத்தகைய வேட்டி தோட்டத்தில் பாதிப்பேரிடம் உண்டு. சாமுவேலை மறுபடி கேட்டேன். தான் இல்லை என்றான். அன்னம்மாளும் இல்லை என்றாள். தங்கவேலுவிடம் கேட்டபோது, “கிராணியார் வெச்சத எடுக்க இந்தத் தோட்டத்துல யாருக்குங்க கை வரும்?” என்று சொல்லிவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது உண்மைதான். எடுத்திருந்தாலும் அதை என் முகத்துக்கு முன் சொல்ல இங்கே எவரும் துணியார் என்பதும் உண்மை. ஆகவே இந்த மறுப்புகளை வைத்து நான் எதையும் முடிவுசெய்ய இயலாது.

ஒன்று மட்டும் உறுதி. நான் “உடையட்டும்” என்று கேட்பதற்கு முன்பே பித்தளை ஆணி அங்கே இருந்தது. அதை அங்கே வைத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாது.