நாலாம் வரிசை வீடு

என் மகன் கோட்டைத் தாண்டி நிறம் அடித்தால் நான் கண்டிப்பதில்லை. கண்டித்திருக்க வேண்டுமோ என்று பிறகு யோசித்துக்கொண்டிருப்பேன். நீலப் பென்சில் தேய்ந்துபோனால் மட்டும் புதிது வாங்குவதை ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போடுகிறேன். எனக்கு ஒன்பது வயதில் நடந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அப்போது நாங்கள் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கு நாலாம் வரிசை வீடு என்று பெயர். கடலிலிருந்து எண்ணினால் நாலாவது என்று அர்த்தம். ஆனால் எங்கள் வாசலுக்கு முன்னால் ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. அதற்கு அப்பால் கருங்கல் கொட்டிய கரை, பிறகு கடல். அந்த முன்வரிசையை எல்லோரும் மூன்றாம் வரிசை என்றார்கள். ஒன்றும் இரண்டும் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. பள்ளியில் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், குப்பத்தில் மூன்றிலிருந்து எண்ணுவார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் கரையோரக் குடும்பங்களை எர்ணாவூரில் கட்டியிருந்த அடுக்கு வீடுகளுக்குப் போகச் சொல்லி அதிகாரிகள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் போட மறுத்துவிட்டார். தாத்தா காலத்து மண் என்பதற்கு அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. ராயபுரத்தில் பழைய பேப்பர் கடையில் வேலை பார்த்த சித்தப்பாதான் ஒரு சனிக்கிழமை அப்படியொரு காகிதத்தைக் கொண்டுவந்தார்.

"ண்ணா, வெள்ளக்காரன் போட்ட மேப்பு. பின்னால துணி ஒட்டிக்கீது பாரு. நம்ம குப்பம் அப்டியே கீது."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். நாலு கோடுகளாக இருந்த தெருக்களில் நாலாவதைத் தொட்டுப் பார்த்தார். "திங்கக்கெழம இத்த எட்த்துகினு போறேன். அவனுங்க ஆபீசு கட்றதுக்கு முன்னாடியே எங்க வூடு கீதுன்னு காட்றேன்."

மறுநாள் காலை சித்தப்பா என்னையும் வரைபடத்தையும் கரைக்குக் கூட்டிப்போனார். பாறை மேல் விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். தரைப்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கொடிகள். எண்ணூர்ப் பக்கம் உப்பளங்களைச் சுற்றியும் கொடிகள்.

"இதெல்லாம் காவலு. இத்தோட வெள்ளக்காரன் எல்லை முடிஞ்சிச்சி. அந்தாண்டலேர்ந்து எவனும் வரக் கூடாது, உப்பு ஒரு பிடி வெளிய போகக் கூடாது."

"கடல் பக்கம் கொடியே இல்லியே, சித்தப்பா?"

"கடலு அவன்து பாப்பா. கப்பல்ல வந்தவன் கடலுக்கு இன்னாத்துக்கு பயப்படணும்?"

தெற்கே, கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோல் புள்ளிக்கோடுகள் இருந்தன. அது துறைமுகம், அப்போது இன்னும் கட்டவில்லை, கட்டப்போவதாகப் புள்ளி வைத்திருக்கிறான் என்றார். பிறகு எழுந்து நின்று கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். "இது மொத வரிசை. அது கோயிலு. அதோ கெணறு."

அவர் விரல் நீட்டிய இடமெல்லாம் தண்ணீர். வழக்கம்போல் என்னை ஏய்க்கிறார் என்று நான் சிரித்தேன்.

"கெணறு அங்க இல்லப்பா, கொஞ்சம் இந்தாண்ட" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மீன் விற்கும் ரெண்டாம் வரிசை அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தார். "என் அடுப்பு அதோ. அந்த நொர வருது பாரு, அங்க. மத்தியானம் ஒல வெச்சிட்டுக் கண்ணசந்தேன். எய்ந்து பாத்தா வாசப்படி இல்ல."

செருப்பை வெளியே விட்டிருக்கிறேன் என்று சொல்வதுபோல்தான் சொன்னார். நான் நுரையைப் பார்த்தேன். அது எழும்பி, புகைபோல ஒரு நொடி நின்று, அடங்கியது. அடுத்த அலையிலும் அதே இடத்தில் எழும்பியது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பாவும் அதற்குமேல் எதையும் காட்டவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார்.

அன்று மதியம் எல்லோரும் தூங்கினார்கள். நான் பாயில் காதை வைத்தால் தரைக்கு அடியில் அலை கேட்டது. தண்ணீர் இருக்கும் இடத்தில் காகிதம் தெருவும் கோயிலும் காட்டுவது பொய் சொல்வதுபோல் எனக்குப் பட்டது. எழுந்து நீலப் பென்சிலை எடுத்தேன். முதல் வரிசை, கோயில், கிணறு, அத்தையின் அடுப்பு. கோட்டைத் தாண்டாமல் பொறுமையாக அடித்தேன். மூன்றாம் வரிசையின் ஓரத்தில் பென்சில் நின்றபோதுதான் இது அப்பாவின் திங்கட்கிழமைக் காகிதம் என்பது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அப்பா அதைப் பிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

"கொயந்த தெரியாம பண்ட்ச்சி, ண்ணா. அடிக்காத" என்றார் சித்தப்பா.

அப்பா சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உருவினார். எரிக்கப்போகிறார் என்று கண்களை இறுக மூடிக்கொண்டேன். உரசும் சத்தம் வரவேயில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் குச்சியைக் காகிதத்தின் பழைய கரைக்கோட்டில் படுக்கவைத்து, முனைக்கு முனை புரட்டி, அளப்பதுபோல் நீலத்தின் மேல் நகர்த்திக்கொண்டிருந்தார். நீலத்துக்குள் மூன்று முறை புரண்டது. நாலாவது முறை நீலத்தின் ஓரத்தில் தொடங்கி எங்கள் வீட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார்.

திங்கட்கிழமை வரைபடத்தை எடுக்காமல் போனார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அம்மா அழுதுகொண்டே பாத்திரங்களைக் கட்டினார். நான் பாழாக்கிய காகிதத்தால்தான் வீடு போயிற்று என்று, எர்ணாவூர் மாடிக்குக் குடிவந்து பல வருடங்கள்வரை உறுதியாக நம்பினேன். அங்கேயும் எங்களை நாலாம் வரிசைக்காரர்கள் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் குற்றம் சாட்டுவதுபோல் கேட்டது.

அப்பா என்னை ஏன் அடிக்கவில்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குப் புரியாததாக இருந்தது.