ரிஃப்கா செய்த டோக்கன் மெஷின்

கீழ்வேளூரில் ரிஃப்கா என்றால் தெரியாதவர்கள்கூட, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அம்மா என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். சென்னையில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிகளுக்கும் மென்பொருள் செய்து கொடுத்தாள். படிக்காதவர்களும் தடுமாறாமல் பயன்படுத்தலாம் என்பதுதான் அவள் பெருமை. அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படவும் மாட்டாள்.

பக்கத்து டவுன் கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் மெஷின் செய்தபோது, ஊர்ப் பெண்கள் ஆறு பேரை அழைத்து, வடையும் டீயும் கொடுத்துத் திரையைக் காட்டினாள். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். சாப்பிட்ட வீட்டில் வேறென்ன சொல்வார்கள்? பிறந்த தேதி கேட்ட இடத்தில் ஒவ்வொருத்தியும் விழித்தாள். ரிஃப்காவே ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிட்டு மேலே போனாள். சோதனை வெற்றி என்று எழுதியும் அனுப்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, மெஷினைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வியாழக்கிழமை அங்கே போனாள். பெரிய டாக்டர் வியாழன் மட்டும்தான் வருவார். அந்த ஆறு பேரில் ஒருத்தியான ஈஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். கண் மங்கி, நட்ட வரிசை தெரியாததால் இந்த நடவுப் பட்டத்தில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. இது அவள் வந்த மூன்றாவது வியாழன். ஆதார் அட்டையில் வருஷம் மட்டும்தான் இருக்கிறது, மெஷின் நாளும் மாசமும் கேட்கிறது என்றாள்.

"அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

"அன்னைக்கு நீங்களே அமுக்கிட்டீங்களேம்மா. எனக்குத்தான் புத்தி பத்தலன்னு இருந்துட்டேன்."

ரிஃப்காவின் முகம் சுண்டிப்போனது. ஓடிப்போய் மெஷினைத் தட்டினாள். இன்றைய டோக்கன் முடிந்தது என்று, அவளே எழுதிவைத்த மரியாதையான தமிழில் திரை சொன்னது. கவுண்டரில் கெஞ்சிப் பார்த்தாள். மெஷினில் வராத பெயரை உள்ளே விட முடியாது என்றார்கள். சிபாரிசுக்கு இடமில்லாமல் அப்படியொரு விதி வேண்டும் என்று கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். ஈஸ்வரியோ, அவளைப் போலவே டோக்கன் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த மெஷினச் செஞ்சதே இவங்கதான். எங்க ஊரு."

எல்லாரும் ரிஃப்காவைப் பார்த்தார்கள். நெருக்கி உட்கார்ந்து, பெஞ்சில் அவளுக்கும் இடம் விட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.